வெள்ளையன் தன் சாவுக்குக் கேட்ட டான்ஸ் டிராக்

வாணியம்பாடியில் பர்வீன் என்றொரு பெண் இருக்கிறாள். நான் ஸ்டுடியோவை மூடியபோது என் ஸ்பீக்கர்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டு போனவள். கல்யாண வீடுகளுக்கும் கல்லூரி விழாக்களுக்கும் டான்ஸ் டிராக் செய்து கொடுக்கிறாள். தோல் வியாபாரம் செய்யும் அவள் அப்பாவுக்கு மகள் இந்தத் தொழிலுக்கு வந்ததில் இன்றுவரை மனக்குறைதான். ஆனால் ஸ்பீக்கரைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் வேனில் ஏற்றியவரும் அவரேதான்.

வாரத்தில் ஒரு தடவையாவது பர்வீன் போன் செய்துவிடுவாள். "சார், கிக் கீழ உக்கார மாட்டேங்குது, இன்னா பண்றது?" என்று அடிச்சத்தத்தைப் பற்றிக் கேட்பாள். நானும் வாய் வலிக்கச் சொல்வேன். சென்ற முறை நேரில் வந்தபோது அவள் போனில் ஒரு செயலியைக் காட்டினாள். என்ன மாதிரிப் பாட்டு வேண்டும் என்று இரண்டு வரி எழுதினால் போதும், டீ ஆறுவதற்குள் டான்ஸ் டிராக் வந்துவிடுகிறது. கேட்டேன். கிக் இருந்தது, பேஸ் இருந்தது, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"கோச்சிக்காதீங்க சார். நீங்க எப்படிப் பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்க, நான் படிக்கிறேன்" என்றாள்.

எழுதுகிறேன். வேறு வெட்டி முறிக்கிற வேலையும் எனக்கு இல்லை. இடது காதில் ஓயாமல் ஓர் இரைச்சல். ஹெட்போனைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், தொழிலும் அதோடு முடிந்தது. நான் இருக்கும் மலை ஊரான ஜமுனாமரத்தூரில் சில்வண்டுக்குப் பஞ்சமில்லை. வெளியே கத்துவது எது, காதுக்குள் கத்துவது எது என்று சமயத்தில் எனக்கே தெரிவதில்லை. "காசு குடுக்காமக் கச்சேரி நடக்குது, கேளுங்க" என்கிறாள் என் மனைவி செல்வி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், என் காதைப் பற்றிக் கிண்டல் செய்யும் உரிமை தனக்கு மட்டும்தான் என்று நினைக்கிறவள்.

நான் போளூர்க்காரன். அங்கே ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரிலேயே மேளமும் கிட்டாரும் செய்யலாம் என்று தெரிந்ததும் வாசிப்பதை விட்டுவிட்டு வாணியம்பாடிக்குப் போய் அன்வர் பாயின் ஸ்டுடியோவில் சேர்ந்தேன். அந்த வருஷங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒயர் சுற்றினேன், டீ வாங்கினேன், திட்டு வாங்கினேன். ஆனால் பாயைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குச் சோறு இறங்காது.

பாய் பாட்டை உட்கார்ந்து கேட்டு நான் பார்த்ததே இல்லை. வெள்ளைச் சட்டை, கம்மென்று அத்தர் வாசனை, கையில் கர்ச்சீப். நாங்கள் டிராக்கை ஓடவிட்டதும் ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிடுவார். எதிரே ஒரு டீக்கடை. அங்கே டீ ஆற்றுகிறவரின் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மனுஷர் டீயை மேலும் கீழும் இழுக்கும்போது, தன்னை அறியாமல் செருப்புக் கால் தட்ட ஆரம்பித்தால் டிராக் பாஸ். தட்டவில்லை என்றால் பாய் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொல்வார்.

"தூங்குது."

எங்கே தூங்குகிறது, ஏன் தூங்குகிறது என்றெல்லாம் விளக்கம் கிடையாது. மறுபடி உட்கார வேண்டியதுதான். டீ மாஸ்டர் ஊருக்குப் போய்விட்ட ஒரு வாரம் எங்கள் ஸ்டுடியோவிலிருந்து ஒரு பாட்டும் வெளியே போகவில்லை. வாடிக்கையாளர்கள் வந்து கத்தினார்கள். பாய் அசரவில்லை. "ஆளு வரட்டும்" என்றார்.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. டிராக் ஓடும்போதே ஒவ்வொரு சத்தமாக அணைத்துக்கொண்டு வருவார். வயலினை அணைப்பார். "ஆட்டம் நின்னுச்சா?" என்பார். "இல்ல பாய்." "அப்ப இது எதுக்கு இங்க குந்தினு கீது? வாடகை குடுக்குதா?" அந்தச் சத்தம் அன்றோடு காலி. நான் ராத்திரி பகலாக உருகி உருகிச் சேர்த்த எத்தனையோ சங்கதிகளை அவர் விரல் இப்படி அனுப்பிவைத்திருக்கிறது. மனுஷரை அடிக்கலாமா என்றிருக்கும். இன்றைக்கு அவர் இருந்தால் காலில் விழுவேன், வேறென்ன.

டான்ஸ் டிராக் செய்வது எப்படி என்றால், முதலில் காலைக் கவனிக்க வேண்டும். கிக் என்கிற அந்த அடிச்சத்தம் காலுக்கு. தனியாக அதை மட்டும் ஓடவிட்டு, நாமே எழுந்து நடந்து பார்க்க வேண்டும். நடை வந்தால்தான் மேலே போகலாம். அடுத்தது பேஸ் என்கிற கனத்த கீழ்ச்சுரம், அது இடுப்புக்கு. கிக்கும் பேஸும் ஒரே பள்ளத்தில் கிடக்கிற சத்தங்கள், ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும். அதனால் கிக் விழும் கணத்தில் பேஸ் சற்றுக் குனிந்து வழிவிடும்படி செட் பண்ண வேண்டும். பிறகுதான் கைதட்டல், மேலே சலசலவென்று ஓடும் சின்னச் சத்தங்கள். மெட்டு எல்லாவற்றுக்கும் கடைசி. ஆடுகிறவனை நடுவில் ஏங்கவைக்கவும் வேண்டும். கிக்கை எடுத்துவிட்டு, மற்ற சத்தங்களை ஏற்றிக்கொண்டே போய், உச்சியில் எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு மொத்தமாகக் கீழே போட்டால் கூட்டம் தானாகக் குதிக்கும். இந்தக் கீழே போடும் இடத்துக்குப் பெயர்தான் டிராப்.

செல்விக்கு ஜமுனாமரத்தூருக்கு மாற்றல் வந்தபோது நானும் மலையேறினேன். "மலைல எவண்டா டான்ஸ் ஆடறான்?" என்றார் பாய். வந்து பார்த்தால் ஆடாதவர்கள்தான் குறைவு. உரக்கடைக்குப் பின்னால் ஓர் அறை பிடித்து, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினேன். மழையில் நனைந்ததை வெளியே காயவைத்தால் ஆடு வந்து தின்றுவிடும். கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா, இளைஞர்களின் நடனக் குழுக்கள் என்று வேலைக்குக் குறைவே இல்லை. டிராக் முடிந்ததும் முதலில் ஷேர் ஜீப்பில் போட்டுப் பார்ப்பேன். ஸ்டுடியோவில் ராஜாவாக இருந்தது ஜீப்பின் ஓட்டை ஸ்பீக்கரில் செத்துப்போகும். அதே ஜீப்பின் கதவை அறைந்து சாத்துகிற சத்தத்தைப் பதிவு செய்து எத்தனையோ பாட்டில் கைதட்டலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். டிரைவருக்கு இதில் ரொம்பப் பெருமை.

இந்த ஜீப்பில்தான் ஒரு நாள் வெள்ளையன் வந்து இறங்கினார். நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்தில் சாமையும் புளியும் விளைவிக்கிற சம்சாரி. எழுபதைத் தாண்டியவர், ஒடிசலான உடம்பு. தோளில் தூக்கி வந்த பலாப்பழத்தைக் கொண்டுபோய்க் கீபோர்டின் மேல் வைக்கப் பார்த்தார். அலறிக்கொண்டு பிடுங்கி இறக்கினேன்.

"பாட்டுப் போடற தம்பி நீதான?" என்றார்.

"ஆமாங்க. இன்னா விசேஷம்?"

"சாவு."

"அய்யய்யோ. யாருங்க?"

"நாந்தான்."

எனக்குச் சிரிப்பதா பதறுவதா என்று தெரியவில்லை. "ஒடம்புக்கு இன்னாங்க பண்ணுது?" என்றேன்.

"ஒடம்பு நல்லாத்தான் கீது. போறப்பவா வந்து சொல்லினு இருப்பாங்க? முன்னாடியே ஏற்பாடு பண்ணிக்கணும்ல."

எங்கள் பக்கத்தில் பேரன் பேத்தி பார்த்து வயதாகிப் போகிறவரின் சாவு கல்யாணச் சாவு. வெடி உண்டு, மேளம் உண்டு, ஆட்டம் உண்டு. பெற்றவரை ஆடாமல் அனுப்பினால் ஊர் ஏசும். ஆகவே சாவுக்கு டிராக் கேட்டு வருவது எனக்குப் புதிதில்லை. சாகப்போகிறவரே வந்து கேட்டதுதான் புதிது.

அவர் கதையைச் சொன்னார். இரண்டு மகன்கள். பெரியவர் காளி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரின் மேளக் குழுவை நடத்துகிறார். சின்னவன் முருகேசன், போளூரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறான். அங்கேயே சுமதி என்ற பெண்ணை யாரிடமும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு, பிறகுதான் வீட்டுக்குத் தெரிவித்தான். தம்பி கல்யாணத்தில் மேளம் அடிக்கக் காத்திருந்த காளிக்கு அது செருப்பால் அடித்ததுபோல் ஆகிவிட்டது. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. நாள் கிழமையென்றால் ஒருவன் வரும்போது இன்னொருவர் காட்டுக்குப் போய்விடுவாராம்.

"அதுங்க பேசாட்டிப் போவுதுங்க. அவங்கம்மா செத்தப்போ இன்னா ஆச்சி தெரியுமா?" என்றார் வெள்ளையன். "முன்னாடி பெரியவன் மேளம். பின்னாடி சின்னவன் ஸ்பீக்கர் பொட்டி. அவன் ஒரு பக்கம் இழுக்கறான், இவன் ஒரு பக்கம் இழுக்கறான். பொணம் தூக்கினவனுங்களுக்கு எதுக்குக் கால் வெக்கறதுன்னு தெரியல. எறக்கத்துல தடுக்கிட்டானுங்க. அவ தலை மூங்கில்ல இடிச்சிது, தம்பி. செத்தவளுக்கு வலிக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு வலிச்சிது."

பலாப்பழத்தை என் காலடிக்கு நகர்த்தி வைத்தார்.

"எனக்கு அப்படி வாணாம். ரெண்டு பேரு சத்தமும் இருக்கணும். ஆனா ஒரே சத்தமா இருக்கணும். முடியுமா, முடியாதா?"

முடியும் என்றேன். பெரிய மேதாவி போலச் சொல்லிவிட்டேன்.

காளி ஸ்டுடியோவுக்கு வர மறுத்துவிட்டார். சரி, மேளம்தானே என்று வேறு ஊரிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். அவர் அடித்ததைப் பதிவு செய்து, துண்டு துண்டாக வெட்டி, கம்ப்யூட்டரின் தாளத்தில் ஒவ்வோர் அடியையும் நூல் பிடித்தாற்போல் நிறுத்தினேன். அடியில் கனத்த கிக், மேலே மேளம், நடுவில் இழைந்து வரும் ஒரு குழல். நானே சொல்லக் கூடாது, பிரமாதமாக வந்தது. ஜீப் டிரைவர் கியர் போட மறந்தார்.

வெள்ளையன் வீட்டு வாசலுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அப்பா கூப்பிட்டதால் முருகேசனும் சுமதியும் பாக்ஸ்களோடு வந்திருந்தார்கள். போட்டதும் பொடிசுகளெல்லாம் ஆட ஆரம்பித்துவிட்டன. காளி கொல்லையிலிருந்து வந்து, தம்பி இருந்த பக்கமே திரும்பாமல், கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"மேளம் யாருதுங்க?" என்றார் என்னிடம்.

சொன்னேன்.

"நல்லாத்தான் அடிக்கறான். அதான் மேளமும் பொட்டிக்குள்ளயே வந்துடுச்சே. அப்பறம் எங்கப்பன் சாவுக்கு நான் எதுக்குங்க? வந்து குந்தி சோறு தின்னுட்டுப் போய்ட்டா ஆச்சி."

போயே போய்விட்டார். முருகேசன் தலையைக் குனிந்துகொண்டு ஒயரைச் சுற்றினான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவு உழைத்தவனை இந்த மனுஷன் இப்படித் தூக்கி எறிகிறானே என்றிருந்தது.

ஆத்திரம் தணிந்ததும் பாய் செய்வதைச் செய்து பார்த்தேன். டிராக்கை ஓடவிட்டு மேளத்தை மட்டும் அணைத்தேன். ஆட்டம் நிற்கவில்லை. காளி சொன்னது நியாயம்தான். அந்த டிராக்கில் மேளம் ஒரு சொகுசுக்கு வந்து குந்தியிருந்ததே தவிர, அது இல்லாமல் எதுவும் கெட்டுப்போகவில்லை. மேளம் நின்றால் ஆட்டமே நின்றுவிடும்படி ஒரு டிராக் செய்ய வேண்டும். அப்படியென்றால் பெட்டி வாயை மூடிக்கொள்கிற இடங்கள் வேண்டும். பதிவு செய்த மேளத்தை முழுக்க அழித்தேன். பெட்டி கொஞ்சம் பேசும், பிறகு அடங்கிவிடும். காளி அடிப்பார். அவர் முடித்ததும் பெட்டி மறுபடி கிளம்பும். இடைவெளிகளை எல்லாம் ஒரே அளவாக வைத்தேன்.

வெள்ளையன் கெஞ்சிக் கூத்தாடிக் காளியை வாசலில் நிற்கவைத்தார். காளி மேளத் தோலைத் தீயில் காட்டிச் சூடேற்றிக்கொண்டு வந்து அடித்தார். அடேயப்பா, என்ன கை அது! ஆனால் அவர் அடியை முடித்து இறங்குவதற்குள் பெட்டி குறுக்கே வந்து விழுந்தது. இடைவெளியை நீட்டினேன். இப்போது அவர் முடித்துவிட்டுச் சும்மா நிற்க வேண்டியதாயிற்று. குறைத்தேன், மறுபடி மோதியது.

"ஒரே அளவா அடிங்களேன்" என்றேன், பொறுமை போய்.

"அளந்து அடிக்கச் சொல்றீங்களே, பொணம் தூக்கறவன் அளந்தா நடக்கறான்?" என்றார் காளி.

"அவன்கூட எதுக்கு மல்லுக்கு நிக்கற? நீ வா தம்பி, காட்டறேன்" என்று வெள்ளையன் என் கையைப் பிடித்து இழுத்தார்.

வீட்டிலிருந்து இடுகாடு வரைக்கும் நடந்தோம். தான் போகப்போகிற வழியில் அந்த மனுஷர் மாமியார் வீட்டுக்குப் போவதுபோல உற்சாகமாக நடந்தார். சாமைக் கொல்லையை ஒட்டிய இறக்கத்தில் நின்று, "இங்க தூக்கறவன் பின்னாடி சாஞ்சி வருவான். மேளம் மெல்லப் போவணும்" என்றார். ஓடையில், "தண்ணி எவ்ளோ கீதோ அவ்ளோ நேரம் அடிக்கணும்" என்றார். புளிய மரங்களுக்குக் கீழே ஏற்றம். "இங்கதான் தோள் மாத்துவானுங்க. ரெண்டு பேரு மாத்துவான், நாலு பேரு மாத்துவான், ஆளப் பொறுத்தது. மாத்தி முடிக்கற வரைக்கும் மேளம் நிக்கவே கூடாது. நின்னா கை தளந்துடும்." கடைசியாக இடுகாட்டில் ஒரு மண்மேட்டைக் காட்டி, "அவ இங்க. நான் அந்தாண்ட" என்று பக்கத்து இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காட்டினார்.

காலுக்காகவே பாட்டுச் செய்கிறவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன், இந்தக் கால்கள் எங்கே நடக்கப்போகின்றன என்று ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து செல்வியிடம் சொன்னபோது, "ஊசி போடறதுக்கு முன்னாடி நாங்க கூட நோயாளியப் பார்ப்போம்" என்றாள்.

அதற்குப் பிறகு டிராக்கை வெட்டிவிட்டேன். ஒரே பாட்டாக இருந்ததைத் தனித்தனித் துண்டுகளாக்கினேன். இறக்கத்துக்கு நிதானமான துண்டு, ஏற்றத்துக்கு உந்தித் தள்ளும் துண்டு. ஒவ்வொன்றும் முடியும்போது சத்தம் சட்டென்று அறுந்துபோகாமல், தரையோடு தரையாக ஓர் உறுமல் மட்டும் நிற்கும். அந்த உறுமலின் மேல் காளி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அடிக்கலாம், வேகமாகவோ மெதுவாகவோ. அடுத்த துண்டு தானாக வராது. கையளவு பட்டன் பேடு ஒன்றில் ஒரு பட்டனை அமுக்கினால்தான் வரும். கடைசித் துண்டு மட்டும் இடைவெளியே இல்லாத முழு ஆட்டம். அந்த வேலையைச் செய்த நாட்களில் எனக்கிருந்த சந்தோஷம் வேறெந்தப் பாட்டிலும் இருந்ததில்லை.

பட்டனை அமுக்க வேண்டியவன் முருகேசன். அப்பா பக்கத்தில் நிற்க, அவனிடம் கொடுத்தேன்.

"எப்பண்ணா அமுக்கறது?"

"உங்கண்ணன் முடிக்கறப்போ கை ரெண்டும் மேல தூக்கறாரு பாரு. தூக்கின ஒடனே அமுக்கு."

அவன் முகம் மாறியது. "அப்ப வழி பூரா அவன் மூஞ்சியப் பார்த்துனே வரணுமா?"

"மூஞ்சிய இல்லப்பா. கைய."

"கை மட்டும் தனியாவா வருது?"

பேடை என் மடியிலேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். சுமதிதான் உள்ளே வந்து அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "குடுங்கண்ணா, வெச்சிருக்கேன்" என்றாள். கையைத் தூக்கினால்தான் தம்பி அமுக்குவான் என்று காளிக்கு வெள்ளையன் மூலம் சொல்லி அனுப்பினேன். இருவரையும் சேர்த்து நிற்கவைத்து ஒரு தடவையாவது ஒத்திகை பார்க்கலாம் என்று படாத பாடு பட்டேன். இவன் வந்தால் அவர் வரவில்லை.

"வுடு தம்பி. அன்னிக்கிப் பார்த்துக்கலாம். நானும் அங்கதான இருப்பேன்" என்றார் வெள்ளையன்.

அடுத்த புளி உலுக்கும் பருவத்தில் முருகேசனிடமிருந்து போன் வந்தது. "அப்பா பூட்டாருண்ணா" என்றான். சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். நானும் செல்வியும் ஜீப் பிடித்துப் போனோம். பாடையில் பூவுக்கு நடுவே முகம் மட்டும் தெரிந்தது. ஏற்பாடெல்லாம் முடித்துவிட்டுப் படுத்தவர் போல இருந்தார். நான் வரவழைத்துக்கொண்டு போன தைரியமெல்லாம் அங்கேயே உடைந்துவிட்டது.

அந்த ஊர் முறைப்படி முன்னால் மேளம், நடுவில் பாடை, பின்னால் பெட்டி. மேளம் தெரிந்த மகன் இடுகாடு வரை அப்பனுக்கு அடிக்கலாம், மற்ற காரியங்கள் குழிக்குப் பக்கத்தில்தான். காளி முன்னால் போய்விட்டார். பாக்ஸ்களும் ஜெனரேட்டரும் ஏற்றிய டிராக்டர் பின்னால். டிரெய்லரின் முன்பக்கத்தில் முருகேசன் பேடோடு நின்றான். கிளம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நடுவில் ஆளுயரத்துக்குப் பூப்பாடை போகிறது. முருகேசனுக்கு அண்ணன் கை தெரியவே தெரியாது. அந்த வழியை நடந்தே பார்த்தும் இதை நான் யோசிக்கவில்லை. வெள்ளையன் பக்கத்தில் நடந்து வந்தார், அதனால் நடுவில் அவர் படுத்திருப்பார் என்பது என் புத்தியில் ஏறவில்லை.

முருகேசன் குத்துமதிப்பாக அமுக்கினான். மேளம் பாதியில் இருக்கும்போது பெட்டி பாய்ந்தது. காளி வேகத்தைக் கூட்டினார். இவன் பதறி அடுத்ததை அமுக்கினான். ஆடிக்கொண்டிருந்தவர்கள் கால் குழம்பி நின்றார்கள். சாமைக் கொல்லை இறக்கம் வந்துவிட்டது. தூக்கியவர்களில் ஒருவர் கல்லில் சறுக்க, பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெண்கள் கத்தினார்கள். செல்வி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாவுக்கு நடந்தது இவருக்கும் நடக்கப்போகிறது, அதுவும் என் பாட்டால்.

மேளம் நின்றது.

காளி திரும்பினார். பாடையின் ஓரமாக, அப்பாவின் முகத்தை எட்டித் தொட்டுவிட்டுப் பின்னால் வந்தார். தம்பியை அடிக்கத்தான் வருகிறார் என்று எல்லாரும் நினைத்தோம், இரண்டு பேர் தடுக்கக்கூடக் கிளம்பினார்கள். அவர் டிராக்டருக்கு முன்னால் வந்து, தம்பியைப் பார்த்தபடி நின்று, மேளத்தைச் சரிசெய்துகொண்டார். பிறகு அடித்துக்கொண்டே, முதுகுப் பக்கமாக, அந்த இறக்கத்தில் பின்னோக்கி நடக்க ஆரம்பித்தார். முடித்ததும் கை இரண்டையும் மேலே தூக்கினார்.

முருகேசன் அமுக்கினான். அச்சாக வந்து உட்கார்ந்தது.

பின்னால் பார்க்காமல் கல்லிலும் பள்ளத்திலும் எப்படி நடப்பார்? கூட்டத்திலிருந்து சுமதி ஓடிவந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. "கல்லு மாமா, இந்தாண்ட வாங்க" என்றாள். அவர் இந்தாண்ட வந்தார். "பள்ளம் மாமா." தாண்டினார். ஓடைத் தண்ணீரிலும் அப்படியே. புளிய மரத்தடி ஏற்றத்தில் தோள் மாற்ற வெகு நேரம் பிடித்தது, காளி விடாமல் அடித்தார். முருகேசன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். பாடை குலுங்காமல் போனது. மேளமா பெட்டியா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் ஒரே சத்தமாகத்தான் இருந்தது. கிழவனாரே, கேக்குதா என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இடுகாட்டில் பாடையை இறக்கி வைத்தார்கள். காளி கடைசி அடியை அடித்துக் கைகளைத் தூக்கினார். அடுத்தது கடைசித் துண்டு. பெட்டி கிளம்பவில்லை. உறுமல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முருகேசன் பாக்ஸின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். காளியின் கைகள் மேலேயே இருந்தன. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"அமுக்குடா" என்றார் காளி.

முருகேசன் நிமிர்ந்தான். அமுக்கினான்.

காளி மேளத்தைக் கழற்றி டிரெய்லரில் வைத்துவிட்டு ஆட ஆரம்பித்தார். சொல்லக் கூடாது, ஆட்டம் நன்றாகவே இல்லை. ஊரையெல்லாம் ஆட வைத்த மனுஷருக்கு ஆடத் தெரியவில்லை. காலைத் தாளத்துக்கு முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினார். முருகேசன் மேலிருந்து குதித்துப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் அழுதுகொண்டே ஆடினார்கள். செல்வி ஆடினாள். நானும் ஆடினேன்.

துண்டு முடிந்து சத்தம் அடங்கியது. அண்ணனும் தம்பியும் கையை விடாமல் நின்றார்கள். சுமதி டிரெய்லரில் ஏறி, அதே பட்டனை மறுபடி அமுக்கினாள்.